மாம்பழ வாசம் வீசும் தடை

கொச்சிக்கடைக் குடிமக்களே, நற்செய்தி. நம்மூரில் எலக்ட்ரோனிக் சிகரெட் என்ற ஒன்றே கிடையாது. 2016 செப்டெம்பர் 1 ஆம் திகதியே இலங்கை அரசாங்கம் அதைத் தடைசெய்துவிட்டது. ஆகவே ஜம்பட்டா வீதிப் பக்கம் டியூஷன் விட்டு வரும் பெடியனின் மூக்கிலிருந்து மாம்பழ வாசத்தோடு வெள்ளையாய் எழும்புவது புகையல்ல. உங்கள் கண்ணில்தான் ஏதோ கோளாறு.

தடையின் வாசகத்தைப் படித்தால் சட்டம் வரைந்தவர்களின் கருணை விளங்கும். "புகையிலை அடங்கிய" எலக்ட்ரோனிக் சிகரெட்டுகளுக்குத்தான் தடை. வேப் எனப்படும் இந்த எலக்ட்ரோனிக் சிகரெட்டுக்குள் புகையிலை எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சரக்கு. அதோடு, பெரும்பாலும் புகையிலையிலிருந்தே பிரித்தெடுத்த நிக்கோட்டின். தேங்காயைத் தடைசெய்துவிட்டு எண்ணெய்க்குக் கதவைத் திறந்து வைத்த கெட்டித்தனம் இது.

போன் கவரும் சார்ஜரும் தொங்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். "புகையிலை இல்லை தம்பி, வெறும் நீராவி" என்பார் முதலாளி. நீராவியாம்! நம் வீட்டு இடியப்பச் சட்டியிலும்தான் நீராவி வருகிறது. அதில் நிக்கலும் ஈயமும் வருவதில்லை. வேப்பில் வரும். சூடேறும் கம்பிச்சுருள் உலோகத்தைக் கசியவிடும். கொதிக்கும் திரவத்தில் ஒரு பகுதி போமல்டிஹைட்டாக மாறும். பிணவறையில் உடல் கெடாமலிருக்கப் பாவிக்கும் அதே சாமான்தான். அளவு குறைவு என்பீர்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை இழுவை?

சாமானின் அழகைப் பாருங்கள். ஹைலைட்டர் பேனை அளவு, இளம் ரோஸ் நிறம், அடியில் போனுக்கு உள்ளதைப் போலவே சார்ஜ் போடும் ஓட்டை. பிள்ளை மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனால், படிப்புச் சாமான் என்று அம்மாவே எடுத்துப் புத்தகப் பையில் பத்திரமாய் வைப்பாள்.

சிகரெட்டுக்கு இந்த நாட்டில் ஆயிரம் தொல்லை. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. பெட்டியில் 80 வீதத்துக்கு அழுகிய நுரையீரலும் வாய்ப்புற்றும் அச்சடிக்க வேண்டும். வேப்புக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இல்லாத பொருளுக்கு வயதெல்லை எதற்கு, எச்சரிக்கைப் படம் எதற்கு? நம்மூரில் தடை என்பது வியாபாரிக்குக் கிடைத்த சலுகை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எரியும் சிகரெட்டை விட இதில் நஞ்சு குறைவுதான். 2015 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 95 வீதம் தீங்கு குறைவு என்றே மதிப்பிட்டது. முப்பது வருடம் கோல்ட் லீஃப் சிகரெட் இழுத்து நெஞ்சு கரகரக்கும் துறைமுகத் தொழிலாளிக்கு, அதை விட்டொழிக்க வேப் கைகொடுக்கவும் கூடும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை எதை விட்டொழிக்க இதைப் பிடிக்கிறது? பபிள்கமையா? அதே இங்கிலாந்து 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பாவித்து வீசும் வேப்புகளைத் தடைசெய்துவிட்டது. நம் முதலாளிகளுக்கு 95 மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அமெரிக்காவில் 2019 இல் வேப் இழுத்தவர்களின் நுரையீரல் திடீரெனப் பழுதாகத் தொடங்கியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்த வைட்டமின் ஈ அசிற்றேற்றுத்தான் முக்கிய குற்றவாளி என்று அங்கே ஆய்வுகூடம் கண்டுபிடித்துச் சொன்னது. இங்கே விற்பதும் கள்ளச் சரக்குத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? லேபிளில் ஒரு ஸ்ட்ரோபெரி சிரிக்கிறது.

நம் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசருக்குக் கருங்கல்லில் கோயில் எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் பெயர் தாங்கிய வீதியில்தான், கொழும்பு 15 இல், இலங்கைப் புகையிலைக் கம்பனி இருக்கிறது. அதன் 84 வீதப் பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம். அந்தத் தாய்க் கம்பனி வெளிநாடுகளில் வியூஸ் என்ற பெயரில் வேப் விற்கிறது. சிகரெட்டை விட்டாலும் அவர்களின் கல்லாப்பெட்டியை விட்டுப் போகமுடியாது.

பெற்றோரே, பையில் அந்த ரோஸ் பேனை அகப்பட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள். எந்தக் கடை என்று கேளுங்கள். கடையின் பெயரையும் வீதியையும் எழுதி, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைக்கு அனுப்புங்கள். "புகையிலை இல்லை" என்று பதில் வந்தால், நிக்கோட்டின் இருக்கிறதா என்று திரும்பவும் எழுதிக் கேளுங்கள்.