உரிமை தெளிவு, பொறுப்பு எனதல்ல

சென்னையில் எழுதப்படும் உரைநடையிலேயே பக்கக் கணக்கில் அதிக விலை போவது லீகல் ஒப்பீனியன்தான். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் வக்கீலின் பெயர், பட்டங்கள், எந்தெந்த வங்கிகளின் பேனலில் இருக்கிறார் என்ற வரிசை. இரண்டாம் பக்கத்தில், நாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பத்திரங்களின் எண்களை நமக்கே திருப்பிச் சொல்லும் பட்டியல். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: மேற்படி சொத்தில் விற்பவருக்குத் தெளிவான, விற்கத்தக்க உரிமை உண்டு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று: இக்கருத்து எனக்குக் காட்டப்பட்ட நகல்களை மட்டும் வைத்துச் சொல்லப்பட்டது, பின்னால் ஏதும் முளைத்தால் எனக்குச் சம்பந்தமில்லை. முதல் வீடு வாங்குகிறவர்கள் தடித்த எழுத்து சொல்வதைக் கேள்விப்பட்டதுமே இனிப்பு வாங்கப் போகிறார்கள். வக்கீல் பொடி எழுத்தில் குடியிருக்கிறார்.

மந்தைவெளியில் பழைய பிளாட் ஒன்றை வாங்கும் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை. பெண்ணின் அப்பா பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு, பையனின் அம்மா வளையல், மிச்சத்துக்கு இருபது வருஷ ஈ.எம்.ஐ. அந்த மனையில் ஒரு காலத்தில் ஒரு தாத்தாவின் ஓட்டு வீடு இருந்தது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டியது. சாகுமுன் மகனுக்கு உயில் எழுதினார். மகன் பில்டருக்குக் கொடுத்தார், பில்டர் எட்டு பிளாட் கட்டி விற்றார். பேனல் வக்கீல் இதைப் பார்த்து, ‘உயிலின்படி மகனுக்குப் பாத்தியதை’ என்று ஒரே வரியில் கடந்து போனார்.

அந்த ஒரு வரியில் இரண்டு ஓட்டை. ஒன்று, தாத்தாவுக்கு ஒரு மகளும் இருந்தாள். வாரிசுச் சான்றிதழைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உயில் செல்லாமல் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கும் சம பங்கு. இரண்டு, சென்னைக்கென்றே ஒரு விதி இருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, 57ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தால், சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களின் பழைய உயர் நீதிமன்ற எல்லைக்குள் உள்ள சொத்துக்கு ஓர் இந்து உயில் எழுதியிருந்தால், உயிலை மெய்ப்பிக்கும் நீதிமன்றச் சான்றான புரொபேட் வாங்காமல் அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை நிலைநாட்ட முடியாது என்றது. மதுரையில் வேண்டாம், மயிலாப்பூரில் வேண்டும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதுவரை நூறு வருஷம் அதுதான் சட்டம். சட்டக் கல்லூரி மாணவன் பரீட்சைக்குப் படிக்கிற இந்த விஷயம், முப்பது வருஷ அனுபவம் என்று பெயர்ப்பலகையில் போட்டவரின் கண்ணில் படவில்லை. நம் தம்பதி வாங்கியது நீக்கத்துக்கு முன்பு. மகளின் பிள்ளைகள் நியூஜெர்சியிலிருந்து பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்கள். ஒருநாள் காலையில் சம்மன் வந்தது. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய மாவிலை வாசலில் காயுமுன்பே இவர்கள் ஒன்பதாம் பிரதிவாதி ஆகிவிட்டார்கள்.

கதை கற்பனை. இனி அவர்கள் ஏறி இறங்கும் படிகள் எல்லாம் நிஜம்.

முதல் படி வங்கி. ‘நீங்கதானே சார் பார்த்து ஓகே சொன்னீங்க?’ என்று கேட்டால், ஒப்பீனியன் வங்கியின் உபயோகத்துக்காக வாங்கியது என்று பதில். கட்டணம் யாருடையது? கடன் வாங்குகிறவருடையது. பிரதி கொடுப்பார்களா? அது உள் ஆவணம். நம் பணத்தில், நம் வீட்டைப் பற்றி, நமக்குக் காட்டாமல் எழுதப்பட்ட ஒரு காகிதத்தை நம்பி நாம் கையெழுத்துப் போடுகிறோம். ‘பேங்க்கே லோன் குடுத்துட்டான், அப்புறம் என்ன?’ என்று சொல்லாத சித்தப்பா தமிழ்நாட்டில் இல்லை. வங்கிக்குத் தேவை, கடன் திரும்பி வருவது. வீடு போனாலும் ஈ.எம்.ஐ. போகாது, உங்கள் சம்பளம்தான் அதற்கு ஜாமீன்.

இரண்டாம் படி சார்பதிவாளர் அலுவலகம். மறுவிற்பனை பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரத்துக்கு ஒன்பது லட்சம். ஒன்பது லட்சம் வாங்கிக்கொள்ளும் அரசு, விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று பார்த்ததா? பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்பது சார்பதிவாளரின் கவலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று கே.கோபி வழக்கில் சொன்னது. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(i) செல்லாது என்றும் சொன்னது. அதைச் சட்டமாகவே கொண்டுவர அரசு புறப்பட்டது வேறு கதை. ஆக ஒன்பது லட்சத்துக்கு நமக்குக் கிடைப்பது ஒரு போட்டோ, ஒரு கைரேகை, ஒரு சீல். சாந்தோம் நெடுஞ்சாலையில் பதிவுத்துறைத் தலைவரின் அலுவலகம் இருக்கிறது. கடற்காற்று நன்றாக வரும்.

வில்லங்கச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். ஈ.சி.யில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். பதியாத உயில் தெரியாது. கோர்ட்டில் தூங்கும் வழக்கு தெரியாது. நியூஜெர்சி தெரியாது. வில்லங்கம் இல்லை என்று அது சொல்வதன் பொருள், பதிவேட்டுக்கு வந்து வில்லங்கம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான்.

மயிலாப்பூரில் இன்னொரு வகை உண்டு. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி எது கோயில் மனை, எது சொந்த மனை என்று பூக்காரம்மாவைக் கேட்டால்கூடச் சொல்வார். வக்கீல் ஈ.சி.யைத்தான் கேட்பார். 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது விற்பனையே அல்ல. 109ஆம் பிரிவுப்படி காலக்கெடு என்ற பேச்சும் கிடையாது. எத்தனை கை மாறினாலும், எத்தனை ஒப்பீனியன் வாங்கினாலும், மனை சாமிக்கு. தி.நகரில் கதை மேலே நடக்கும்: அனுமதி வாங்கிய மாடி வரை வக்கீல் படிப்பார், வாங்கியவர் குடியிருப்பது அதற்கும் மேலே. விதி மீறிய கட்டடங்களைப் பணம் கட்டி வரன்முறை செய்ய நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று பிரிவுகளையே பெற்றெடுத்த ஊர் இது. அடையாறு பக்கம் 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1999இல் அதை ரத்து செய்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் அரசு கைப்பற்றிய நிலம் அரசுடையதுதான். இவையெல்லாம் ரகசியம் அல்ல. பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒருவருக்குப் பணம் கொடுத்தோம்.

இப்போது அந்த ஒருவரிடம் வருவோம்.

போலீசுக்குப் போகலாமா? ஹைதராபாத் நாராயணகுடாவில் ஒரு வங்கிக் கிளை, போலி ஆவணங்களின் மேல் வீட்டுக் கடன்களை அள்ளிக் கொடுத்து ஒரு கோடிக்கு மேல் இழந்தது. ஆவணங்கள் சரி என்று ஒப்பீனியன் கொடுத்த பேனல் வக்கீலையும் சி.பி.ஐ. குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்தது. 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு, அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரிதான் என்றது. சதியில் பங்கு இருந்ததற்குச் சாட்சி இல்லாமல் தவறான கருத்துக்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளி ஆக்க முடியாது. பெரும் அஜாக்கிரதை என்று நிரூபித்தால் வேறு வழிகளில் பொறுப்பாக்கலாம் என்பது தீர்ப்பு. இதில் எனக்குச் சண்டை இல்லை. தப்பு செய்தவனெல்லாம் திருடன் இல்லை. அந்த வேறு வழிகளைத்தான் தேடுகிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர் மீது போகலாம். பில்டர் மீது போகலாம். டாக்டர் மீது 1995 முதல் போகலாம். வக்கீல் மீதும் போகலாம் என்று தேசிய ஆணையம் 2007இல் சொல்லிவிட்டது. பொறுக்குமா? மேல்முறையீடு போனது. போனவர்களில் இந்திய பார் கவுன்சிலும் ஒன்று. வக்கீல் தப்பு செய்தால் கண்டிக்க வேண்டிய அமைப்பு, வக்கீலை யாரும் கண்டிக்கக் கூடாது என்று கேட்டு வரிசையில் நின்றது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு தீர்ப்புச் சொன்னது: வக்கீல் தொழில் தனித்தன்மை உடையது, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். வக்கீல் மீது கட்சிக்காரருக்கு நேரடிக் கட்டுப்பாடு கணிசமாக இருக்கிறதாம்.

இதை எழுதி முடிக்க எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தேவைப்பட்டது. வக்கீலைக் கட்டுப்படுத்தும் கட்சிக்காரர்! அந்த அபூர்வப் பிறவியை யாராவது பார்த்தால் எழும்பூர் மியூசியத்துக்குத் தகவல் சொல்லவும். தம்பு செட்டித் தெருவில் ஜூனியரிடம் ‘சார் எப்ப வருவார்?’ என்று கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் கட்சிக்காரர் என்று இதுவரை நினைத்திருந்தேன். அவர்தான் முதலாளியாம். அவர் போட்ட போனை வக்கீல் எடுக்காதது முதலாளிமீது உள்ள மரியாதையால் இருக்கலாம்.

சரி, பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். விசாரிப்பவர்கள் வக்கீல்கள். நிரூபணமானால் கண்டிக்கலாம், சில காலம் நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். நல்லது. போன வீட்டுக்கு? அதற்கு அங்கே படிவம் இல்லை.

மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. 1926ஆம் ஆண்டு வக்கீல் கட்டணச் சட்டம் என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு வக்கீல் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் தப்ப முடியாது என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. சுதந்திர இந்தியா நம்மை முதலாளி ஆக்கியது. காலனி ஆட்சி குறைந்தபட்சம் நஷ்டஈடு கேட்க விட்டது. ஒரு கோடிக்கு வழக்குப் போட கோர்ட் கட்டணம் 3 சதவீதம், மூன்று லட்சம். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும். பாரில் தினம் கூடச் சேர்ந்து காபி குடிக்கும் நண்பருக்கு எதிராக வாதாட சம்மதிக்கும் வக்கீல். தேடுங்கள், பொழுது போகும்.

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது பத்திரம் பார்க்கும் சொலிசிட்டர் நிறுவனம் குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் கடையைத் திறக்க முடியாது. அங்கும் அலட்சியம் உண்டு, பதில் வராத கடிதங்கள் உண்டு, எல்லாரும் ஹரிச்சந்திரன் இல்லை. ஆனால் தப்புக்கு ஒரு பை ஏற்கெனவே நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பதிவேட்டிலேயே பிழை என்றால் அரசின் நிலப் பதிவகம் நஷ்டஈடு தருகிறது. அவர்களிடமிருந்து கறுப்பு கோட்டைக் கடன் வாங்கினோம், கழுத்துப் பட்டையைக் கடன் வாங்கினோம், மே மாத வெயிலில்கூட அதைக் கழற்ற மனமில்லை. காப்பீட்டை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டோம்.

மயிலாப்பூர் வக்கீல் என்றால் ஒரு காலத்தில் வேறு பொருளும் இருந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஊர் சேமிப்பெல்லாம் முழுகியபோது, பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பக்கம் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர். கம்பெனி முதலாளி ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அடுத்த வருஷமே இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவரும் அவர்தான். அன்று வக்கீல் வங்கியை உண்டாக்கினார். இன்று வங்கி பேனல் வக்கீலை உண்டாக்குகிறது.

2025 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜாய்மால்ய பாக்சி அமர்வு, இந்தியாவில் சொத்து வாங்குவது மன உளைச்சல் தரும் அனுபவம் என்ற பொருளில் எழுதியது. பதிவு வேறு, உரிமை வேறு என்றிருக்கும் இந்த ஏற்பாட்டைப் பிளாக்செயின் கொண்டு சரிசெய்யலாமா என்று சட்ட ஆணையம் ஆராயட்டும் என்றது. ஆராயட்டும். தாத்தாவுக்கு மகள் உண்டா என்று கேட்க மறந்த வக்கீலுக்குப் பிளாக்செயின் எதற்கு? ஒரு போன் போதும்.

பார் கவுன்சில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காப்பீடு இல்லாமல் யாரும் சொத்துக்கு ஒப்பீனியன் எழுதக் கூடாது. யார் காசில் எழுதினாரோ அவர் பெயருக்கே எழுதி, அவர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இரண்டு வரித் தீர்மானம். வேலைநிறுத்தம் செய்ய வக்கீல்களுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லியும், புறக்கணிப்புத் தீர்மானத்தை ஒரே மாலையில் நிறைவேற்றத் தெரிந்த சங்கங்களுக்கு இது பெரிய வேலை அல்ல. என் கணிப்பு, இந்த விதி வந்தால் முதலில் நடப்பது அதை எதிர்த்து ஒரு புறக்கணிப்புதான். அன்றைக்குக் கோர்ட்டில் யாரும் ஆஜராக மாட்டார்கள். ஒப்பீனியன் மட்டும் வழக்கம்போல வெளியாகும். கோர்ட்டைப் புறக்கணித்தவர்கள் உண்டு. கட்டணத்தைப் புறக்கணித்தவரைப் பற்றி இதுவரை செய்தி இல்லை.