வரிசைக்காரர்

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்வதற்காகவே அவற்றைப் படித்து முடித்தவர் வரிசைக்காரர். ஆங்கில அறிவியல் புனைகதை படிக்கப்படும் ஊர்களில் எல்லாம் இருப்பார்; அமெரிக்காவில் சற்று அடர்த்தி அதிகம். பழைய புத்தகக் கடையில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அகரவரிசையில் அசிமோவ் முதல் அலமாரியிலேயே வந்துவிடுவதால் இவரும் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

“எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டால் மற்றவர்கள் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வார்கள். வரிசைக்காரர் பெயர் சொல்ல மாட்டார், விசாரணை தொடங்குவார். “அவசரமா?” என்பது முதல் கேள்வி. “ரோபோ கதைகள் ஏதாவது படிச்சிருக்கீங்களா?” என்பது இரண்டாவது. மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “டிவி தொடரைப் பார்த்துடலையே?” 2021 முதல் வந்துகொண்டிருக்கும் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டதாக ஒப்புக்கொண்டால், துக்கம் விசாரிக்க வந்தவர் போல ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்.

இந்த உத்தியோகத்தை அவருக்கு உண்டாக்கிக் கொடுத்தவர் அசிமோவேதான். 1942-இல் ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ பத்திரிகையில் கதைகளாகத் தொடங்கியது 1950-இல் நின்றது. 1951, 1952, 1953 என்று ஆண்டுக்கு ஒன்றாக மூன்று புத்தகமாயிற்று. பால்வீதி முழுவதையும் ஆளும் பேரரசு சரியப்போகிறது என்று ஹாரி செல்டன் என்ற கணித மேதை கணக்குப் போட்டுக் காட்டுகிறார். சரிந்தபின் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகச் சுருக்க ஒரு திட்டமும் வகுக்கிறார். கதை அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று படித்துவிட்டு வாசகர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். வரிசைக்காரர் என்றொரு பிறவிக்கு அன்று அவசியமே இல்லை.

வாசகரும் பதிப்பாளரும் நச்சரித்ததில், 29 ஆண்டுகள் கழித்து, 1982-இல் நான்காவது நாவல் வந்தது. 1986-இல் ஐந்தாவது. அதற்குமேல் கதையை எங்கே கொண்டுபோவது என்று அசிமோவுக்கே பிடிபடாததால், பின்பக்கமாகத் திரும்பிச் செல்டனின் இளமைக்காலத்தை எழுதினார், அது 1988. செல்டனின் மீதி வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அசிமோவ் இறந்த மறு ஆண்டு, 1993-இல் வெளிவந்தது. இதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் இதே எண்பதுகளில் அவர், தனியே கிடந்த ரோபோ கதைகளையும், ஐம்பதுகளின் தொடக்கத்தில் வெளிவந்திருந்த மூன்று பேரரசு நாவல்களையும் கொண்டுவந்து ஃபவுண்டேஷனோடு முடிச்சுப் போட்டுவிட்டார். ஒருவரையொருவர் பார்த்தே இராத மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒரே ரேஷன் கார்டில் ஏற்றியது போல.

வரிசைக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. எழுதி வெளியான வரிசையிலேயே படிக்க வேண்டும் என்பது வெளியீட்டுக் கட்சி. அதன் உறுப்பினர்கள் நிதானமானவர்கள், ஆண்டுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களிடம் சொல்லக்கூடாத செய்தி ஒன்றே ஒன்றுதான். ‘ஃபவுண்டேஷன்’ முதல் புத்தகத்தின் முதல் பகுதி, பத்திரிகைக் கதைகள் எல்லாம் முடிந்தபிறகு, 1951-இல் புத்தகத்துக்காகப் புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்டது. அதாவது முதல் மூன்று புத்தகங்களில் கடைசியாக எழுதப்பட்டதுதான் முதலில் நிற்கிறது. கட்சிக் கொள்கைப்படி அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது புத்தகத்தை முடித்தபின் திரும்பிவந்து படிக்க வேண்டும். இதைச் சொன்னால் பேச்சை மாற்றி, பைண்டிங்கைப் பாராட்ட ஆரம்பிப்பார்கள்.

மற்றது கதைக்காலக் கட்சி. ரோபோக்களில் தொடங்கி ஆயிரமாயிரம் ஆண்டுகளை வரிசையாகக் கடந்து வரச் சொல்வார்கள். அவர்களுக்கு உள்ள இடைஞ்சல் 1986-ஆம் ஆண்டு நாவலின் இறுதிப் பக்கங்கள். அங்கே ஒருவர் எதிர்ப்படுகிறார். வெளியான வரிசையில் வந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். 1988-இல் வந்ததை முன்னாலேயே படித்தவரோ, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருக்கும் சித்தப்பாவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

அசிமோவே இதற்கு ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். 1988 நாவலின் முன்குறிப்பில், கதைக்காலப்படி 14 புத்தகங்களை எண் போட்டு அடுக்கியதோடு, 5-க்கும் 6-க்கும் நடுவில் இன்னொன்றுக்கு இடமிருக்கிறது, 9-க்கும் 10-க்கும் நடுவிலும் இருக்கிறது என்று காலி மனைகளையும் காட்டினார். எழுதியவரே சொன்னபிறகு மேல்முறையீடு ஏது என்று தோன்றலாம். வரிசைக்காரர் அப்படி நினைப்பதில்லை. பேரரசு நாவல்களில் 1952-இல் வந்ததை 1951-இல் வந்ததற்கு முன்னால் வைத்திருக்கிறாரே, கதையின் உள்தடயங்கள் நேர்மாறாக அல்லவா சொல்கின்றன என்பார். “அது அவர் ஏதோ ஞாபகத்துல எழுதினது” என்று அசிமோவை மன்னித்தும் விடுவார்.

அந்த மூன்று பேரரசு நாவல்களைப் பற்றிப் பேசும்போது வரிசைக்காரரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். கண் மட்டும் அலமாரிப் பக்கம் போகும். “அதெல்லாம் விருப்பப்பட்டா படிங்க.” அவர் படிக்கவில்லை. வாங்கி வைத்திருக்கிறார், வரிசைப்படி அடுக்கியும் வைத்திருக்கிறார்.

வாயால் சொல்லி முடியாத கட்டத்தில் பில்லின் பின்பக்கம் படம் வரையப்படும். முதலில் மூன்று கட்டம், நடுவில். இடதுபுறம் ரோபோக்களுக்கு ஐந்து கட்டம். மேலிருந்து ஓர் அம்புக்குறி வளைந்து வந்து 1988-ஐத் தொடும், அதன் மேல் ஒரு கேள்விக்குறி. 1955-இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’க்குப் புள்ளிக்கோட்டில் ஒரு கட்டம், உறவுதான், ஆனால் பந்தியில் உட்கார வைப்பதா என்பது முடிவாகவில்லை. அசிமோவ் மறைவுக்குப்பின் பென்ஃபோர்டு, பேர், பிரின் என்ற மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொன்றாக எழுதிய நாவல்கள் ஓரத்தில், இடமில்லாமல், குறுக்கே எழுதப்படும். வாங்கிய சாமானின் விலை மறுபக்கத்தில் தெரிவதால் எந்த எண் புத்தகத்தினுடையது, எது வரி என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

வரிசைக்காரர் தம்மை அறியாமலே ஹாரி செல்டனின் வேலையைத்தான் செய்கிறார். செல்டனின் கணக்கு கோடிக்கணக்கான மக்கள் கூட்டத்துக்கு மட்டுமே பலிக்கும், தனி ஒருவர் என்ன செய்வார் என்று அதனால் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்துக்கும் திட்டம் தெரியக்கூடாது. இவரும் “ஏன்னு இப்ப கேக்காதீங்க, அஞ்சாவது புத்தகத்துல புரியும்” என்பார். செல்டன் இறந்தபின்னும், நெருக்கடி வரும் என்று தாம் கணித்த நாட்களில் பதிவு செய்யப்பட்ட உருவமாகத் தோன்றிப் பேசுகிறார். ஒரு தடவை உள்நாட்டுச் சண்டையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார், வெளியே வந்து நிற்பதோ அவர் கணக்கில் இல்லாத மியூல் என்ற தனி மனிதனின் படை. (கதையை உடைத்ததற்கு வரிசைக்காரர் மன்னிக்க மாட்டார்.)

பில்லில் படம் வரைந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து வரிசைக்காரர் போன் செய்கிறார். “இந்நேரம் ரோபோ கதைகள் முடிஞ்சிருக்கும். இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கணுமே?” மறுமுனையில் இருப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பில் அன்றைக்கே சட்டையோடு துவைபட்டுவிட்டது. ரயில் ஏறுமுன் கடையில் இருந்தது இரண்டாவது புத்தகம் மட்டும்தான். அட்டையில் விண்கலம் நன்றாக இருந்ததால் வாங்கி, இறங்குவதற்குள் மியூல் யார் என்பதுவரை படித்தாகிவிட்டது. பிறகு மூன்றாவதை வாங்கினார். அதன்பின் ஒரு குறுகுறுப்பில் முதலாவதை.

அடுத்த மாதம் அதே அலமாரி அருகே ஒரு கல்லூரிப் பெண் ‘ஃபவுண்டேஷன்’ முதல் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். வரிசைக்காரர் தொண்டையைச் செருமுவதற்குள், பக்கத்தில் நிற்கும் அந்த ரயில் வாசகர் முந்திக்கொள்கிறார்: “அதை வெச்சிருங்க. இரண்டாவதுலதான் ஆரம்பிக்கணும்.”