பத்மினி வழக்கு

நாயையும் கோழியையும் ஒரே கேட்டுக்குள் சண்டையில்லாமல் வளர்ப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கொரு முறை இருக்கிறது, சொல்கிறேன். முதலில் செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்மினி காணாமல் போனதையும், மறுநாள் காலை என்னைப் பசியாறக்கூட விடாமல் வாசலில் நிறுத்திவைத்து எங்கள் தாமான் நடத்திய விசாரணையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

பத்மினி செம்பட்டை நிறப் பெட்டைக்கோழி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பின்பக்கம் சரோஜாதேவியும் சாவித்திரியும் குருணை பொறுக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தவரைக்கும் கோழிக்கு யாரும் பெயர் வைத்ததில்லை. கறுப்பி, புள்ளி, மொட்டைக்கழுத்து என்று அடையாளம் சொல்வோம். தீபாவளிக்கு முதல்நாள் அம்மா அடையாளத்தைச் சொல்லிப் பிடித்துவரச் சொல்வார், பிடித்துக் கொடுப்போம், அத்தோடு சரி. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, நம்மையெல்லாம் வரிசை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் நமக்குப் பாசம் பொங்கியது. பெயர் வைத்தோம். பெயர் வைத்ததை அறுக்க மனசு வராது. அதனால் கறிக்குப் பசாரில் பெயர் தெரியாத கோழியாகப் பார்த்து வாங்கிவந்து, பத்மினி பார்க்காத நேரமாகப் பார்த்துக் கழுவுகிறோம்.

ஈப்போவில் இருந்துகொண்டு கோழிமேல் பாசம் என்று சொல்வதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். ஊரின் பெருமையே தவுகே ஆயாம். அதற்கடுத்த பெருமை காகிதத்தில் சுற்றி உப்புக்குள் வைத்து வேகவைத்த கோழி. கோலாலம்பூர்க்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிவந்து தின்றுவிட்டு, போகும்போது பெட்டியில் வேறு கட்டிக்கொண்டு போகிறார்கள். 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழிச்சோறு என்னாவது என்று சிங்கப்பூரே கலங்கியது. இப்படி இரண்டு நாடுகள் கண் வைத்திருக்கும் ஒரு பிராணியை நாம் பின்கட்டில், ஒரு கொக்கியையும் ஒரு நாயையும் நம்பி வளர்க்கிறோம்.

எங்கள் நாய் ராஜா. ஜாதி கேட்டால் பெரட்டுக்களத்து ஜாதி. ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். மத்தியானத்தில் கார் நிழலில் நீட்டிப் படுத்திருப்பான். பத்மினி நிதானமாக வருவாள். மடிந்த காதை அலகால் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே ஒட்டியிருக்கும் உண்ணியை ஒரே கொத்தில் பிடுங்குவாள். வலிக்கும்போலிருக்கிறது, அவன் மேலுதடு லேசாகத் துடிக்கும், ஒரு கோரைப்பல் வெளியே தெரியும், மறுபடி உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் அவள் அவன் தட்டிலிருக்கும் மீன்சோற்றில் கட்டணத்தை எடுத்துக்கொண்டு போவாள். கிளினிக்கில் நான் கொடுக்கிற காசை நினைத்தால் இது எவ்வளவோ மலிவு.

இப்படிப்பட்டவனைப் பார்த்து மூலைவீட்டு அண்ணன் சொல்கிறார்: “உங்க நாய்தான்லா. வேற யாரு?”

அண்ணன் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். பெரட்டு எடுத்த பழக்கம், முதலில் தண்டனை, பிறகுதான் விசாரணை. லோங்காங் ஓரம் கிடந்த இறகுகளைக் குச்சியால் புரட்டினார். நாலைந்து இறகுதான். நாய் அடித்தால் இப்படியா இருக்கும்? நாய் கோழியைப் பிடித்தால் உதறும். உதறினால் முற்றம் முழுக்க இறகு பறக்கும். ஒன்றோடு நிற்காது, ஓடுகிற எல்லாவற்றையும் துரத்தும். கடைசியில் எதையும் தின்னாமல் போட்டுவிட்டு, நாம் பாராட்டப் போகிறோம் என்று வாலாட்டிக்கொண்டு நிற்கும். மற்ற கோழிகள் கூண்டில் முழுசாக இருந்தன. இதையெல்லாம் நான் வாசலில் நின்று வாதாட, ராஜா அந்த நேரம் பார்த்து நாக்கால் மூக்கை நக்கினான். “பாத்தீங்களா” என்றார் அண்ணன்.

வைத்தியமும் சொன்னார். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட வேண்டுமாம். அது அழுகி விழும்வரை அவிழ்க்கக் கூடாதாம். அதன்பிறகு ஜென்மத்துக்கும் கோழிப்பக்கம் திரும்பாதாம்.

“செத்த கோழிதான் இல்லையே அண்ணே. காணோம்னுதானே நிக்கிறோம்?”

“கெடச்சதும் கட்டுங்க.”

அடுத்து மூன்றாவது வீட்டு பாக்சிக் வந்தார். குனிந்து, மண்ணை மோந்து பார்த்து, “மூசாங்” என்றார். மூசாங்குக்குப் பாண்டான் இலை வாசம் உண்டு, மலாயில் மூசாங் பாண்டான் என்றே ஒரு பெயர் இருக்கிறது. ராத்திரி அது கூரைமேல் நடந்துபோனால், யாரோ நாசி லெமாக் வேகவைக்கிறார்கள் என்று நமக்கு வாய் ஊறும். அன்று ராத்திரி பாண்டான் வாசம் வந்தது உண்மைதான். ஆனால் மாக்சிக் விற்பதே நாசி லெமாக். அந்த வீட்டிலிருந்து அந்த வாசம் வராத ராத்திரி கிடையாது. இதை நான் எடுத்துச் சொன்னது பாக்சிக்குக்குப் பிடிக்கவில்லை. தவிர, மூசாங் கழுத்தைக் கடித்துக் கொல்லும், தின்ற மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டுப் போகும். அதற்குப் பழங்கள்தான் பிரதானம். அது காப்பிப்பழம் தின்று கழித்த கொட்டையைக் கழுவி வறுத்து யானை விலைக்கு விற்கிறார்கள். அவ்வளவு வருமானம் உள்ள பிராணி எங்கள் வீட்டில் வந்து திருட வேண்டிய அவசியம் என்ன?

எதிர்வீட்டு சீன அங்கிள் மலைப்பாம்பு என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் மலைப்பாம்புதான். ஒருமுறை அவருடைய மோட்டார் சைக்கிள் காணாமல் போனபோது மட்டும்தான் வேறு யாரையோ சந்தேகப்பட்டார். மலைப்பாம்பு எங்களுக்குப் புதிதல்ல. முன்பு ஒன்று கூண்டுக்குள் வந்தது. இருட்டில் அதற்கு விளக்கு வேண்டாம். உதட்டோரம் வரிசையாக இருக்கும் குழிகளால் கோழியின் உடம்புச் சூட்டையே கண்டுபிடித்துவிடும். வலையில் ஒரு கிழிசல் வழியாக நுழைந்தது, ஒன்றை முழுசாக விழுங்கியது. பிறகு அதே கிழிசல் வழியாகத் திரும்பப் பார்த்தது. முன்பாதி வெளியே போய்விட்டது. வயிறு வரவில்லை. காலையில் நாங்கள் பார்த்தபோது பாதி உள்ளே, பாதி வெளியே, முகத்தில் பெரிய வருத்தமும் இல்லை. எங்கள் தாமானில் இதுவரை தீப்பிடித்து நான் பார்த்ததில்லை. பொம்பா வண்டி வந்தால் பாம்புக்குத்தான். வந்தார்கள், பிடித்தார்கள், சாக்கில் போட்டுக் கட்டினார்கள், அப்புறம் தெருவே அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. ஆக, மலைப்பாம்பு என்றால் இறகே மிஞ்சாது, பாம்பு மிஞ்சும். இங்கே அது நேர்மாறாக இருக்கிறது. அங்கிள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “சின்ன பாம்பு” என்றார்.

லோங்காங்கில் ஒரு பியாவாக் இருக்கிறது. தண்ணீர் உடும்பு, ஆள் நீளம். முட்டை, குஞ்சு, செத்த எலி, எதற்கும் முகம் சுளிக்காது. ஆனால் வெயில் ஏறிய பிறகுதான் வேலைக்கு வரும், இருட்டுவதற்குள் போய்விடும். ராத்திரிக் குற்றத்தில் அதை இழுப்பது நியாயமில்லை என்று நான் சொன்னதும், “ஓவர்டைம்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். என் கோழி போயிருக்கிறது, சிரிக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் பருந்து என்றான். ராத்திரியில் பருந்தா என்று கேட்டேன். யூடியூப்பில் பார்த்தானாம்.

முறையை மறக்கவில்லை. வருகிறேன்.

இத்தனை பிராணிகளும் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டார்களா? ரப்பர் இருந்தபோதும் பாம்பு இருந்தது, மூசாங் இருந்தது. ஆனால் பால்மரத்தடியைச் சுத்தமாக வைத்திருந்தோம், விடியுமுன் காண்டா விளக்கோடு ஆட்கள் நடமாடினோம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்த சாப்பாடு. வெட்டிய மட்டையை அடுக்கிவைத்தால் அது எலிக்குக் கூரை போட்ட வீடு. எலிக்குப் பின்னால் நாகமும் சாரையும் காட்டுப்பூனையும் வந்தன. பிறகு எலியை ஒழிக்கக் கூகை ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி கட்டிக் குடிவைத்தார்கள். பாருங்கள், ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு வீடு கேட்டு எத்தனை வருஷம் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றோம் என்பதை இங்கே எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்காது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பெயர்ப்பலகை உண்டு, சுற்றிலும் வேலி உண்டு. அதன் வாரிசுகளைச் சீவிச் சீவி முதுகு வளைந்தவர்கள் இன்றைக்குக் கோழிக்கு வலை வாங்கக் கணக்குப் பார்க்கிறோம்.

என் வீட்டுக்காரி ஒருத்திதான் இத்தனையிலும் பதறவில்லை. “ஓடிப் போயிருப்பா” என்றாள். செம்பனைக்குள்ளிருந்து ஒரு காட்டுச்சேவல் கொஞ்ச நாளாகவே வேலியோரம் வந்து போகிறதாம். சாம்பல் கால், காதோரம் வெள்ளைப் பொட்டு, கூவினால் கடைசியில் இழுக்காமல் பட்டென்று வெட்டிவிடும் குரல். நானும் கேட்டிருக்கிறேன். நாட்டுக்கோழியின் மூதாதை அதுதான். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் தோண்டியெடுத்த எலும்புகளே வீட்டுக்கோழிக்கு இதுவரை கிடைத்த ஆகப் பழைய உறுதியான தடயம், வயது ஏறக்குறைய 3,500 ஆண்டு என்று 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மனிதன் கண்ணி வைத்துப் பிடித்ததைவிட, நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குக் காட்டுக்கோழி தானே தேடி வந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. சோற்றுக்காக வந்தவர்கள், இப்போது வேறிடம் பார்த்துக்கொண்டு போனால் நான் யார் தடுக்க? இருந்தாலும் சொல்லாமல் போயிருக்க வேண்டியதில்லை. இதை நான் சொன்னபோது வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம்.

எங்கள் சேவல் நம்பியார் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பீர்கள். சேவலுக்கு எச்சரிக்கைக் குரலே இரண்டு உண்டு. வானத்தில் பருந்து என்றால் மெல்லிய நீண்ட கீச்சு, தரையில் நாயோ பூனையோ என்றால் விடாத கொக்கரிப்பு. அதிலும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்: பருந்தைக் கண்டாலும் பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் சேவல் அதிகம் கத்துமாம், தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயைத் திறக்காதாம். ராத்திரியில் அதுவும் கிடையாது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, கொம்பிலிருந்து கையில் எடுத்தால் பழம் பறித்த மாதிரி வரும். நம்பியார் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல். சாமிக்கென்று விட்டதைத் தாமானில் ஒருவரும் தொட மாட்டார்கள், நாய்கூட விலகிப் போகும். திருவிழா வரைக்கும் ராஜ மரியாதை. திருவிழாவுக்கு மறுநாளைப் பற்றி அவனுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. பின்வீட்டு அக்கா, “பத்மினியையும் நேர்ந்து விட்டிருந்தா போயிருக்குமா?” என்று கேட்டார். நல்ல யோசனை. காப்பாற்றி வைத்து நானே வெட்டியிருப்பேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவராவது கூண்டுக் கதவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கொக்கி மாட்டியிருந்தது. வலையில் கிழிசல் இல்லை, மண்ணில் தோண்டிய தடம் இல்லை. மூசாங் கதவைத் திறக்கலாம், பியாவாக் முட்டித் தள்ளலாம். கோழியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகும் பிராணி பேராக் காட்டில் ஒன்றே ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் தங்கியிருந்தார். உறவுமுறையைச் சொல்ல மாட்டேன், வீட்டுக்காரி படிப்பாள். விடியற்காலையில், நாங்கள் எழுந்திருப்பதற்குள், டிராபிக்குக்கு முன்னால் போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். ராஜாவுக்கு அவரைத் தெரியும், பிஸ்கட் கொடுப்பவர். வரும்போது அவர் காரின் பின்னால் ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. போகும்போது நான் பார்க்கவில்லை, ஆகவே எதுவும் சொல்வதற்கில்லை. சாயங்காலம் போன் செய்து பத்மினி விஷயத்தைச் சொன்னேன். “அட, கோழிதானே மச்சான்” என்றார். உறவுமுறை வெளியே வந்துவிட்டது, போகட்டும்.

ராஜா அன்றிலிருந்து கார் நிழலில் படுத்து, மடிந்த காதைப் பின்னங்காலால் தானே சொறிந்துகொள்கிறான். தாமானில் அவன் பெயர் கெட்டது கெட்டதுதான். மூலைவீட்டு அண்ணன் தன் கோழிகளை இப்போது அவன் வரும் பாதையில் விடுவதில்லை.

வலை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையை நீட்டுவார், மலிவு. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் ஆகும், மூசாங் பல்லுக்கு நிற்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலையாகக் கேளுங்கள். அடியில் ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள், மேலேயும் மூடுங்கள். சொந்தக்காரர்களுக்கு வலை போதாது. பூட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சாவியை வீட்டுக்காரியிடம் கொடுக்காதீர்கள்.