புகை கழிக்க மரக்காணம்

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலை நினைக்க வேண்டாம். இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். லாரி நிறுத்தமும் தொழிற்பேட்டையும் கிரீஸ் ஊறிய மண்ணும்தான் இங்கே இயற்கைக் காட்சி. எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரின் கொட்டகையில் எட்டு மாதமாக ஒரு மகாராஜா மண்டியிட்டுக் கிடக்கிறார். ஐரோப்பிய டீசல் எஸ்யூவி. முன்பக்கம் தரையைத் தொடுகிறது, பின்பக்கம் தூக்கி நிற்கிறது. பாதி உட்கார்ந்த பிறகு மனசு மாறிய ஒட்டகம் மாதிரி.

“ஏர் சஸ்பென்ஷன் சார்” என்றார் மெக்கானிக்.

நம்மைப் போன்றவர்களின் வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங். சீமான்களின் பிருஷ்டம் இரும்பைத் தாங்காது என்பதால் அவர்களுக்குக் காற்றடைத்த ரப்பர் பை. ரப்பர் என்றைக்கும் ரப்பர்தானே? சில வருடங்களில் வெடிப்பு விடும். அதிலும் வெயிலும் குண்டும் குழியும் நம் ஊர்ச் சீதனம். “ஒரு மூலைக்கு லட்சத்தைத் தொடும். ஒண்ணை மாத்துனா மூணு மாசத்துல பக்கத்து மூலை படுத்துடும். ஓட்டைப் பையில காத்தடிச்சு அடிச்சே கம்ப்ரசரும் போயிடும்.”

மகாராஜா பிறந்தபோது கோடியை ஒட்டிய விலை. மூன்றாவது கைக்கு வந்தபோது ஒரு புது இன்னோவாவைவிடச் சல்லிசு. வாங்கியவர் அன்றைக்குப் பட்டாசு வெடித்திருப்பார். அவருக்கு யாரும் சொல்லாதது இதுதான்: வண்டியின் விலை பாதியாகும், காலாகும், மாகாணியாகும், அதன் பேரிங்கின் விலை குறையவே குறையாது. கோடி ரூபாய் வண்டியின் இன்ஜெக்டர், அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரன் தள்ளிக்கொண்டு போகும் நாளிலும் கோடி ரூபாய் வண்டியின் இன்ஜெக்டர்தான். நான்கு டயர் மாற்றும் காசில் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி, மிச்சத்துக்குப் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம்.

புது வண்டி வாங்கினால் தொல்லை இல்லையே என்பீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். ஞாயிறுதோறும் விடிகாலையில் தன்னந்தனியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். ஏதோ வேண்டுதல் என்றே நினைத்திருந்தேன். விசாரித்தால், வண்டிக்கு மலச்சிக்கல். 2020-ல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதை எரித்துத் தள்ள அறுநூறு டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு ஏற, கால் மணி நேரமாவது நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். ராஜீவ் காந்தி சிலையிலிருந்து இந்திரா காந்தி சிலைக்குப் போய்ச் சேரவே அரை மணி ஆகிற ஊரில் எங்கே ஓட? ஓடாவிட்டால் வடிகட்டி அடைக்கும், மஞ்சள் விளக்கு எரியும், பிறகு லட்சங்கள் எரியும். ஆகவே மனிதர் தன் வண்டியைக் காலைக்கடன் கழிக்க மரக்காணம் அழைத்துப் போகிறார். நாய் வளர்ப்பவர்கள் கடற்கரைவரை போனால் போதும்.

இதோடு யூரியாக் கரைசல் வேறு குடிக்கும் இந்த ஜாதி. தீர்ந்துவிட்டால், நிறுத்திய இடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பாகூரில் நெல் போட்டவன் ஒரு மூட்டை யூரியாவுக்கு அலைவது பழைய கதை. பதறாதீர்கள், அது வேறு யூரியா. இது சுத்தமானது, மேட்டுக்குடிக்கென்றே காய்ச்சியது.

சரி, மிச்சம் பிடிக்கும் கதைக்கு வருவோம். பணக்காரன் செலவு செய்வதைவிட மிச்சம் பிடிப்பதுதான் பார்க்க ருசியான காட்சி. புதுச்சேரியில் டீசல், தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் மலிவு. எல்லைகளில் பங்க்குகள் முளைத்திருப்பதும் அதனால்தான். எண்பத்தைந்து லிட்டர் தொட்டியை நிரப்பினால் ஐந்நூறு ரூபாய் லாபம். இந்த லாபத்தைப் பைசா பாக்கியில்லாமல் சேர்த்து வைத்தால், ஒரு காற்றுப்பை வாங்க இருநூறு தடவை தொட்டி நிரப்ப வேண்டும். அதற்குள் வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, பாக்கி மூன்று பைகளும் வெடித்திருக்கும்.

ஆனால் பெரிய மிச்சம் டீசலில் இல்லை, நம்பர் பிளேட்டில். பி.ஒய். 01. கேரளத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு சாலை வரி என்றிருந்த காலத்தில், இங்கே அதில் ஒரு சிறு பங்குதான். என்ன நடக்கும்? கார்கள் குடியேறின. 2017-ல் விஷயம் வெடித்தது. நடிகை அமலா பாலின் ஒரு கோடிக்கும் மேலான மெர்சிடீஸ் குடியிருந்த விலாசம் திலாஸ்பேட்டையில் ஒரு பொறியியல் மாணவரின் வீடு என்று செய்தி வந்தது. பதிவில் தவறில்லை என்றார்கள் அவர் தரப்பில். நடிகர் ஃபஹத் ஃபாசில் கேரளத்தில் வரியைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகர் சுரேஷ் கோபி மீது, ஆடி கார்களைப் போலி முகவரியில் பதிந்ததாகக் கேரளக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அவர் மறுத்தார், விவகாரம் நீதிமன்றம் போனது. 2024-ல் அவர் ஒன்றிய இணையமைச்சரும் ஆனார். துறை? சுற்றுலா, அப்புறம் பெட்ரோலியம். வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும், இலாகா ஒதுக்கியவரின் நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும்.

இங்கே என்ன நடந்தது? அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி விசாரணை என்றார். ஆளுங்கட்சித் தரப்பு எல்லாம் விதிப்படிதான் என்றது. அந்த இரு தரப்பும் எதில்தான் ஒத்துப்போயின? விதியில் முகவரிச் சான்றாக ஆயுள் காப்பீட்டுப் பத்திரமும் செல்லும், பிரமாணப் பத்திரமும் செல்லும். ஒரு மாநிலத்து வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அது காகிதத்தில் சௌக்கியமாக இருக்கிறது. 1962-ல் இந்த ஊர் மனிதர்களுக்கு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று யோசித்துச் சொல்ல ஆறு மாதம் கெடு வைத்தார்கள். கார்களுக்குக் கெடுவே கிடையாது; எப்போது வேண்டுமானாலும் புதுச்சேரிக் குடிமகன் ஆகலாம், ஊரை ஒரு தடவை பார்க்காமலேகூட.

இதே ஊரில், சிவப்பு ரேஷன் அட்டைக்கு மனுப் போடும் கைம்பெண்ணைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் எங்கே, மின்கட்டண ரசீது எங்கே, ஆதாரில் கதவு எண் ஏன் மாறியிருக்கிறது, வீட்டுக்காரரைக் கூட்டிவா. இருபது வருஷமாக அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் தான் அங்கே இருப்பதை நிரூபிக்க முடியாமல் செருப்புத் தேய நடக்கிறாள். அட்டை கிடைத்தவர்களுக்கும் கடை இல்லாத காலம் இருந்தது. ரேஷன் கடைகளை வருடக்கணக்கில் இழுத்து மூடி வைத்திருந்த ஊர் இது. ஆனால் இரண்டரை டன் இரும்பு வந்து நான் இங்கே வசிக்கிறேன் என்றால், வாங்க வாங்க, எந்தத் தெரு சௌகரியம் என்று கேட்டு முத்திரை குத்தத் தெரிகிறது நம் சர்க்காருக்கு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது கிருஷ்ணா நகரில் இராணுவம் இறங்கி ஆட்களைத் தூக்கியது. அன்று தண்ணீரில் நின்ற சில மகாராஜாக்களை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்தது. இதற்கென்று தனியாகக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு ஒரு பைசா பெயராது. ஊர் மக்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் அட்டைக்கு ஐயாயிரம். வாய்க்கால் தூர்வாரவும் ரோடு போடவும் காசில்லை என்று ஒவ்வொரு மழைக்கும் அழுகிற கஜானா, அந்த ரோட்டை அரைக்கிற வண்டிக்கு மட்டும் தள்ளுபடிக் கடை திறந்து வைத்திருந்தது.

மண்டியிட்ட மகாராஜாவை மறந்துவிட்டேன். அதன் சொந்தக்காரர் வெளிமாநிலம். டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் மெக்கானிக் கைக்காசு போட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். பில் இரண்டே முக்கால் லட்சம் என்றதும் செல்பேசி அணைந்துவிட்டது. எடுக்க ஆள் வராமல், நின்ற நிலையிலேயே காற்றுப்பையும் வெடித்தது.

“ஆர்.சி.யில இருக்கிற அட்ரஸுக்குப் பதிவுத் தபால் போட்டேன் சார். திரும்பி வந்துடுச்சு. சரின்னு நேராவே போனேன். நம்ம ஊர்தான், ஆட்டோ நுழையாத சந்து. ஒரு ஓட்டு வீடு. வாசல்ல ஒரு ஆயா மீன் ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தாங்க. காரைப் பத்திக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘எந்தக் காருப்பா? போன மாசம் ஒருத்தர் வந்து கேட்டாரே, அதுவா, வேறயா’ன்னாங்க.”