நூற்றுக்கு இருபது

கேள்வி: சந்தையில் நூற்றுக்கு இருபது பங்குகூட இல்லாத மின் உற்பத்தியாளர், விலையை ஆட்டிவைக்க முடியுமா?

பதில்: பேஷாக முடியும்; சந்தேகமிருந்தால் கலிபோர்னியாக்காரர்களைக் கேளுங்கள். மிளகாய் வியாபாரி விலையை ஏற்றினால், நாம் இரண்டு நாள் காரமில்லாமல் உண்டு அவனுக்குப் புத்தி புகட்டலாம். மின்சாரமோ பெருமளவில் சேமித்து வைக்க அரியதாயும், உற்பத்தியான கணத்திலேயே செலவாக வேண்டியதாயும், சற்றுக் குறைந்தாலும் ஊரையே ஸ்தம்பிக்கச் செய்வதாயும் இருப்பதால், எல்லா நிலையங்களும் ஓடியும் தேவைக்குமேல் மயிரிழையே மிஞ்சுகிற கோடைப் பிற்பகலில், நூற்றுக்குப் பத்து வைத்திருப்பவரும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சக்கரவர்த்தியாகிவிடுகிறார்.

போட்டியின் மகிமையை நம்பி 1998-ல் கலிபோர்னியா மாகாணம் திறந்த மின்சாரச் சந்தையில், 2000-ஆம் ஆண்டுக் கோடையில் மொத்த விலை விண்ணை முட்டிற்று. சில்லறை விலை பெரும்பாலும் கட்டுண்டு கிடந்ததால், கொள்ளை விலைக்கு வாங்கி அடிமாட்டு விலைக்கு விற்கும் தர்மகைங்கரியத்தை மேற்கொண்ட பி.ஜி. அண்டு இ. கம்பெனி, 2001 ஏப்ரலில் திவால் மனுவோடு நீதிமன்றம் சென்றது. அந்தச் சந்தையில் மின்சாரம் வாங்கி விற்ற என்ரான் கம்பெனியின் வியாபாரிகளோ தங்கள் தந்திரங்களுக்குத் திருநாமங்களே சூட்டியிருந்தார்கள். ‘மரண நட்சத்திரம்’ என்பதன் சூட்சுமம், மின்சாரத்தை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காமலே, கம்பிகளின் நெரிசலைத் தணித்ததாகக் கூலி வாங்குவது!

இவ்வளவுக்கும் பிறகு, 2004-ல், அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், பங்கை எண்ணுவதோடு நில்லாமல், உச்சத் தேவையின்போது இன்னார் இல்லாமல் காரியம் நடக்குமா என்றும் பார்க்கலாயிற்று. பங்கு நூற்றுக்கு இருபதை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய அளவுகோலை அது கைவிட்டுவிடவில்லை என்பது வேறு விஷயம்.