டால்டாவுக்குத் திரி

சித்திரை மாதத்துக் கெங்கவல்லியில் உருகாமல் இருப்பதே ஒரு திறமை. தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். பெட்டிக்கடைக்காரர் சாக்லேட்டை நிறுத்திவிட்டுக் கடலைமிட்டாய்க்கு மாறிவிடுவார். தென்மேற்கே கொல்லிமலை, தெற்கே பச்சைமலை, பக்கத்திலேயே சுவேத நதி என்று எழுதினால் படிப்பவர்களுக்குக் குளுகுளுவென்றிருக்கும். மலைகள் குளிர்ச்சியைத் தங்களோடு வைத்துக்கொண்டு வெக்கையை மட்டும் எங்களுக்கு அனுப்புகின்றன. நதியில் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்த ஊரில்தான், 50 டிகிரி செல்சியஸை எட்டுவதற்கு முன்பே இளகிவிடுகிற ஒரு மெழுகை வாங்கி, அதை உருக்கி, வாசனை கலந்து, கண்ணாடி கிளாசில் உறைய வைத்து விற்கலாம் என்று என் வீட்டுக்காரி தீர்மானித்தாள்.

தூண்டுதல் பாவேஷ் பாட்டியா. பார்வையை இழந்தவர், மும்பையில் பார்வையற்றோர் சங்கத்தில் மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொண்டு, மகாபலேஷ்வரில் தள்ளுவண்டியில் வைத்து விற்று, 1994இல் சன்ரைஸ் கேண்டில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, தன்னைப் போன்ற ஏராளமானவர்களுக்கு வேலை கொடுத்தவர். அவரைப் பற்றிய வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். மகாபலேஷ்வர் கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதை மட்டும் வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

மெழுகு பார்சலில் வந்தது. படத்தில் அது அவல் மாதிரி வெள்ளைச் செதில்களாக இருந்தது. வந்ததோ ஒரே பாறை. லாரியிலும் குடோனிலும் பகலெல்லாம் இளகி, ராத்திரியெல்லாம் இறுகி, பெட்டியின் மூலை முடுக்கையெல்லாம் அச்சு எடுத்துக்கொண்டு வந்திருந்தது. அரிவாள்மனையில் வைத்து அரிய வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சோயா மெழுகு என்றோம். சோயா என்றால் எங்கள் பக்கம் தெரிந்தது மீல்மேக்கர் ஒன்றுதான். மரவள்ளி, மக்காச்சோளம், மஞ்சள், பருத்தி, பாக்கு என்று எது கேட்டாலும் இங்கே காட்டலாம். சோயா மத்தியப் பிரதேசத்துச் சங்கதி. “அது பிரியாணியில போடறதாச்சே, அதை எதுக்குங்க எரிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, அக்கா பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எங்கள் ஆயா மட்டும் உடனே எதுவும் கேட்கவில்லை. கல்யாண வீட்டு ஜாங்கிரியைக்கூட மோந்து பார்த்து, டால்டா இல்லை என்று தெரிந்த பிறகே வாயில் போடுகிறவர் அவர். அரிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் சூட்டில் அது வழவழவென்று இளகியது. முகர்ந்தார்.

“ஏங்கண்ணு, இது டால்டா இல்ல?”

என் வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ரசாயனம் ஆயா பக்கம்தான் இருக்கிறது. எண்ணெய்க்குள் நிக்கல் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டிப்படும் என்ற வித்தைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை வாங்கினார். அந்த வித்தையில்தான் 1937இல் டால்டா நம் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது. அதே வித்தையைச் சோயா எண்ணெயில் செய்து, இன்னும் கொஞ்ச தூரம் கெட்டியாக்கினால் சோயா மெழுகு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர், தேன்மெழுகுக்கு மலிவான மாற்று தேடிப்போய் இதில் வந்து நின்றார். அயோவாவில் எங்கு திரும்பினாலும் சோயாக் காடு. அவருக்கு அது நியாயம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோயில் வாசலில் சின்ன அகலில் உறைய வைத்து, திரி குத்தி, ‘நெய் விளக்கு’ என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது வனஸ்பதிதான். விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும், உள்ளே இருக்கிற சாமிக்கும் தெரியாமல் இருக்காது. அந்த வகையில் தாவர மெழுகுவர்த்தித் தொழிலில் நாம் அயோவாவுக்கு இளைத்தவர்கள் இல்லை. அகலுக்குப் பதில் கண்ணாடி கிளாஸ், மேலே ஒரு ஸ்டிக்கர், இங்கிலீஷில் ஒரு பெயர், கூடவே ஐந்நூறு ரூபாய் விலை. இவ்வளவுதான் பாக்கி இருந்தது.

இயற்கையான மெழுகு என்று பெருமை பேசுகிறவர்கள் முன்காலத்து இயற்கையை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஏழைகள் மாட்டுக் கொழுப்பை எரித்தார்கள். பணக்காரர்கள் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகை எரித்தார்கள். 1860இல் லண்டனில் கேஸ் விளக்கின் வெளிச்சத்தை அளக்கச் சட்டம் போட்டபோது, அளவுகோலாக வைத்ததே அந்தத் திமிங்கல மெழுகுவர்த்தியைத்தான். அதெல்லாம் நூற்றுக்கு நூறு இயற்கைதான், திமிங்கலத்தைக் கேட்காதவரை. பாரபின் மெழுகு புகையும், சோயா மெழுகு புகையாது என்பதும் பாதி உண்மை. திரியை நீளமாக விட்டால் எல்லா மெழுகும் புகையும். கால் அங்குலத்துக்குக் கத்தரித்துவிட்டு ஏற்றினால் பாரபின்கூட மரியாதையாக நடந்துகொள்ளும்.

செய்முறை சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுப்பங்கரை அவர்களுடையது இல்லையே. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது, அதற்குள் எவர்சில்வர் ஜக்கு, ஜக்குக்குள் மெழுகு. நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. சூடு மீறித் தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றவே கூடாது, தட்டைப் போட்டு மூடத்தான் வேண்டும். மெழுகு தெளிந்து 80 டிகிரி தாண்டியதும் வாசனை எண்ணெய். நூறு கிராமுக்கு ஆறிலிருந்து பத்து கிராம் வரை தாங்கும். மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று அள்ளி ஊற்றினால் மெழுகு அதை ஏற்காது. உறைந்த பிறகு மேலே முத்து முத்தாக வியர்க்கும். கேசரிக்கு ஊற்றுகிற எசன்ஸ் இதற்கு ஆகாது. அது மெழுகில் கலக்காது. பிறகு 55, 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்து, திரி ஒட்டிய கிளாசில் நிதானமாக ஊற்ற வேண்டும். “அறை வெப்பநிலையில், அதாவது 20 முதல் 25 டிகிரியில், மெல்ல ஆறவிடுங்கள்” என்று குறிப்பு முடிகிறது. எங்கள் வீட்டில், ஓட்டுக்குக் கீழே, மே மாதத்து அறை வெப்பநிலை 37. மெல்ல ஆறச் சொன்னார்கள். அது ஆறவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் மனமிரங்கி உறைந்தது.

உறைந்த மெழுகின் மேல் காலையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. சோயா மெழுகு மாறி மாறிச் சூடும் குளிரும் பட்டால் அதன் கொழுப்பு வேறு வடிவத்தில் படிகமாகி இப்படிப் பூக்கும். தரத்தில் குறை இல்லை, சுத்தமான சோயாவுக்கு அதுவே சாட்சி என்று விற்பனையாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். “பூசணம் புடிச்சிருச்சு, தூக்கிப் போடு” என்றார் ஆயா. ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம், தேன்மெழுகு கொஞ்சம் சேர்த்த பிறகு மெழுகு விறைத்துக்கொண்டது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் காய்ச்சிச் சேர்த்துத்தான் சிலைக்குக் கரு பிடிக்கிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் நடராசர் கை தொங்கிவிடக் கூடாதல்லவா.

ஜக்கு கழுவிய சுடுதண்ணீரை யாரோ சிங்க்கில் கொட்டிவிட்டார்கள். யார் என்பதில் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. மெழுகு குழாய்க்குள் போய் நிம்மதியாக உறைந்தது. அண்டா அண்டாவாகக் கொதிநீர் ஊற்றி அதை வெளியேற்றியதில், எங்கள் தெருச் சாக்கடை ஒரு வாரம் லாவெண்டர் மணத்தது. புகார் எதுவும் வரவில்லை. நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்தேன்.

வாசனை விஷயத்தில்தான் ஊரின் சுயரூபம் தெரிந்தது. எலுமிச்சை மணத்தை ஏற்றி வைத்தால், “பாத்திரம் தேய்ச்சு முடிச்சாச்சா?” என்று கேட்கிறார்கள். லாவெண்டர் என்றால் பாத்ரூம் கழுவிய மணம். சந்தனம் என்றால் கல்யாண மண்டபத்து வரவேற்பு மேசை. கை தானாகக் கல்கண்டைத் தேடுகிறது. ரோஜா வைத்தால் ரோஸ்மில்க் கேட்கிறார்கள். மல்லிகை மணத்தை ஏற்றிக் காட்டியபோது, பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் தலையில் முழம் முழமாக நிஜ மல்லிகை வைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி வெட்கப்பட்டிருக்க வேண்டும். ‘கடல் காற்று’ என்று ஒரு வாசனை. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஆத்தூர் போய்க் கடலூர் பஸ் பிடிக்க வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்து வந்த சித்தப்பா முகர்ந்துவிட்டு, “கடல்ல இந்த வாசனை எங்க இருந்துச்சு? அங்க மீன் வாசனைதான்” என்று சாட்சி சொன்னார்.

இதையெல்லாம் சமாளித்திருக்கலாம். சமாளிக்க முடியாதது ஃபேன்.

மெழுகுவர்த்தியில் தீ ஆடாமல் நின்றால்தான் சுற்றியிருக்கிற மெழுகு கிளாஸ் ஓரம்வரை சமமாக உருகிக் குளம் கட்டும். அந்தக் குளத்திலிருந்துதான் மணம் கிளம்பும். முதல் தடவை ஏற்றும்போதே ஓரம்வரை உருகவில்லையென்றால், அடுத்தடுத்து ஏற்றும்போதும் நடுவில் மட்டும் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கி, கடைசியில் திரி உள்ளே மூழ்கிச் செத்துப்போகும். இதற்கு மூன்று நான்கு மணி நேரம் காற்று அசையாத அறை வேண்டும். ஃபேனை நிறுத்தினால் மெழுகுவர்த்தி ஒழுங்காக எரிகிறது. மனிதர்களும் எரிய ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆக, கெங்கவல்லியில் வாசனை மெழுகுவர்த்தியை முறைப்படி ஏற்றக்கூடிய ஒரே நேரம் கரண்ட் போன நேரம். கரண்ட் போன நேரத்தில் யாரும் லாவெண்டரைக் கேட்பதில்லை. தீப்பெட்டியையும் விசிறியையும் கேட்கிறார்கள். மின்வாரியத்தைப் பற்றி நாலு வார்த்தையும் சொல்கிறார்கள்.

2012இல் இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தால் நாங்கள் இந்நேரம் மாடி கட்டியிருப்போம். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம். மெழுகுவர்த்தி மளிகைச் சாமான் பட்டியலில் புளி, மிளகாய்க்கு அடுத்து நின்றது. அப்போது பெரிய கம்பெனிகளின் தொல்லையும் கிடையாது. சிறுதொழிலுக்கென்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த பொருள்களில் மெழுகுவர்த்தியும் ஒன்று. ஊறுகாய், ரொட்டி, பூட்டு, பட்டாசு, ஊதுபத்தி இவற்றோடு சேர்த்துக் கடைசி 20 பொருள்களுக்கான அந்தப் பாதுகாப்பை 2015 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். மின்வெட்டும் போய், பாதுகாப்பும் போன பிறகு களத்தில் இறங்கியிருக்கிறோம்.

குடும்பத்தைக் காப்பாற்றியது வாக்ஸ் டார்ட். வேறொன்றுமில்லை, திரியில்லாத மெழுகு வில்லை. அதைச் சின்னச் சூட்டில் வைத்தால் தீயில்லாமல் உருகி மணக்கும். வெளிநாட்டில் இதற்கென்று தனியாக வார்மர் விற்கிறார்கள். நம் வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது: சுவரில் செருகிக் கற்பூரம் போடுகிற மின்விளக்கு. ஃபேன் ஓடலாம், பிள்ளைகள் ஓடலாம், யாருக்கும் ஆபத்தில்லை. மெழுகு ஆவியாகிப் போவதில்லை, மணம் மட்டும்தான் போகிறது. மணம் தீர்ந்த மெழுகை ஆயா எடுத்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் இறுகுகிற தாழ்ப்பாளுக்கும் அலமாரிக் கதவுக்கும் தடவுகிறார். டால்டாவுக்கு அவர் வாழ்நாளில் கொடுத்த முதல் மரியாதை அது.

முதல் வில்லைகளைக் குழிப்பணியாரச் சட்டியில்தான் வார்த்தோம். வெண்ணிலா மணம். எறும்புச் சாரை ஒன்று சுவரேறி வந்து, வில்லையைச் சுற்றிப் பார்த்து, ஒன்றிரண்டு ஏறியும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அந்தச் சட்டியில் இனிப் பணியாரம் ஊற்றக் கூடாது என்று ஆயா உத்தரவு போட்டதால் வேறு சட்டி வாங்க வேண்டியிருந்தது.

அமோகமாகப் போகிற சரக்கு மண்வாசனை. உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில், சுட்ட மண்ணைச் செப்புப் பாத்திரத்தில் போட்டு வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, ‘மிட்டி அத்தர்’ என்று காலங்காலமாகச் செய்கிறார்கள். அசல் அத்தர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த மணத்தில் வருகிற எண்ணெயைத்தான் கலக்கிறோம். அக்னி நட்சத்திரத்தின் நடுவில், ஒரு பகல் பொழுதில், விளக்கு ஸ்விட்சைப் போட்டோம். வீடு முழுக்க முதல் மழை மணம். பின்கட்டில் இருந்த அத்தை, “ஐயோ, என் வடகம்!” என்று மொட்டை மாடிக்கு ஓடினார். மாடியில் பொசுக்குகிற வெயில். காயாத வடகத்தை வாரிக்கொண்டு கீழே வந்தவர் எங்களோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் அவர் மகள் வீட்டுக்கு என்று சொல்லி ஒரு பெட்டி கேட்டார், காசும் கொடுத்தார். சொந்தக்காரர்களில் காசு கொடுத்து வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே வாசகர்களுக்கு: கிளாஸ் மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் கார்த்திகையிலிருந்து தை முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பங்குனிக்கு மேல் கேட்டால் வில்லை மட்டும்தான் கொடுப்போம். அதையும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மண்வாசனை வாங்குகிறவர்கள், ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.