தாடைக் கவசம்

கொரோனா வைரஸ் மூக்கு வழியாக வருகிறது என்று உலகம் சொன்னது. எங்கள் சித்தூர் ஜில்லா வெதுருகுப்பத்துப் பெரிய மனிதர்கள் அது தாடை வழியாக வரும் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு வருஷமும் மாஸ்க் அங்கேதான் தொங்கியது. போலீஸ் ஜீப் தெரிந்தால் மூக்குக்கு ஏறும், ஜீப் திரும்பியதும் இறங்கும். "போட்டா மூச்சு முட்டுது சார்." மூக்கில் இருக்கும் நேரம் தும்மல் வந்தால் அவசரமாகக் கீழே இழுத்துவிட்டுத் தும்முவார்கள். சுத்தக்காரர்கள், மாஸ்க் அழுக்காகக் கூடாதல்லவா!

எங்களுக்குத் தள்ளி நிற்கத் தெரியாது என்று டிவியில் திட்டினார்கள். அபாண்டம். ஊர் வேறு, காலனி வேறு என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நின்றவர்கள், தள்ளி நிறுத்தியவர்கள் நாங்கள். யார் யாரிடமிருந்து எத்தனை அடி என்று தரையில் சுண்ணாம்பு வட்டம் போடாமலே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உயிர் பிழைக்க ஆறடி கேட்டபோதுதான், "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?" என்றார்கள். தீட்டுக்குக் கிடைத்த மரியாதை தொற்றுக்குக் கிடைக்கவில்லை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் கடன்காரன்கூடப் படியேற மாட்டான். திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டிம்பு என்ற அறிவிப்பைப் போட்டுவிட்டால், முடிகிறவரை ஊர்க்காரர் எல்லை தாண்டக் கூடாது, வெளியூர்க்காரர் இரவு தங்கக் கூடாது. ஊரடங்கு எங்கள் பாட்டன் சொத்து. அதையே கலெக்டர் சொன்னால் மட்டும் கசந்தது.

மேலே இருந்தவர்கள் லட்சணம் என்ன? 2020 மார்ச்சில் ஆந்திராவின் அப்போதைய முதலமைச்சர் ஜெகன் பாராசிட்டமாலையும் பிளீச்சிங் பவுடரையும் காட்டித் தைரியம் சொன்னார். அடுத்த மாதமே ஸ்ரீகாளஹஸ்தியில் நிவாரணம் கொடுக்கிறேன் என்று டிராக்டர் ஊர்வலம் போனார் ஓர் எம்.எல்.ஏ. அன்றைய சித்தூர் ஜில்லாவிலேயே சொன்ன பேச்சைக் கேட்டவர் ஏழுமலையான் ஒருவர்தான். மார்ச் 20 முதல் ஜூன் 8 வரை 80 நாள் பக்தர்கள் இல்லாமல் தனித்திருந்தார். நாம் போய் அந்தத் தனிமையைக் கலைத்தோம். ஆகஸ்டில் தேவஸ்தான ஊழியர்கள் 743 பேருக்குத் தொற்று என்று நிர்வாகமே அறிவித்தது.

பிறகு ஊசி வந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது, எந்தக் கம்பெனி, ஆண்மை போகுமா என்று ஆயிரம் கேள்வி கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஊர்களிலிருந்துதான் 2021 மே மாதம் நெல்லூர் ஜில்லா கிருஷ்ணப்பட்டினத்துக்கு ஆயிரக்கணக்கில் புறப்பட்டார்கள், நாட்டு வைத்தியர் ஆனந்தய்யாவின் மருந்துக்காக. கண்ணில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை. நோய் வராதிருக்க மருந்து, அதை வாங்க ஒருவர் கழுத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு வரிசை!

அதே மே மாதம் 10ஆம் தேதி இரவு, திருப்பதி ருயா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அழுத்தம் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டேங்கர் நேரத்துக்கு வரவில்லை. மாற்றி நிரப்ப ஐந்து நிமிடம்தான் ஆனது என்றார் கலெக்டர். அன்று அரசு சொன்ன கணக்கில் 11 பேர் செத்துப்போனார்கள். டேங்கர் தாமதித்தது மேலே இருந்தவர்கள் பாவம். படுக்கைகளை நிரப்பியது நம் பாவம்.

மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று இன்றும் சொல்கிற பெரிய மனிதர், ருயா வாசலில் நின்று ஒரு தடவை அதை உரக்கச் சொல்லட்டும்.